கொட்டாம்பட்டி குவாரியில என் கையைப் பிடிச்சது

முதல்லயே சொல்லிப்புடுறேன், நான் ரத்தம் டெஸ்ட் பண்ற லேப் வச்சிருக்கிறவ. ரிப்போர்ட்ல வராத எதையும் நம்புற சாதி இல்ல. எங்க மாமியார் பிள்ளைகளுக்கு மிளகாய் சுத்திப் போட்டா, "சுத்தி முடிச்சதும் அதை அடுப்புல போடாதீங்கத்தே, குழம்புல போடுங்க, விக்கிற விலைக்கு"ன்னு சொல்ற வாய் எனக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அம்புட்டுத்தான், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாதுன்னு எத்தனை பேர்கிட்ட லந்து குடுத்திருக்கேன். அதனால இப்ப நீங்க சிரிக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்லா சிரிங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

நான் ஸ்கூபா டைவிங் போறவ. ஆமா, முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு கடலுக்கு அடியில போவாங்கள்ல, அதேதான். இதைச் சொன்னாலே மதுரையில எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. "ஏம்மா கலைவாணி, வைகையில முழங்கால் தண்ணியே இல்ல, நீ எங்க போயி முங்குற?" கேக்குறவன் பூரா அறிவாளி. பாண்டிச்சேரிக்கு டூர் போன இடத்துல, எங்க வீட்டுக்காரர் பந்தயம் கட்டுனாருன்னு ஒரு தடவை இறங்குனேன், அதோட பைத்தியம் பிடிச்சிருச்சு. திரும்பவும் போயி கோர்ஸ் முடிச்சு கார்டு வாங்கிட்டேன். ஆனா கார்டு வாங்குனா டைவர் ஆயிற முடியுமா? லைசென்ஸ் வாங்குனவன் எல்லாம் கீழவாசல் நெரிசல்ல வண்டி ஓட்டிருவானா? ஆழமாப் போகணும், முங்குன கப்பலுக்குள்ள நுழையணும்னு எனக்கு ஆசை. கோர்ஸ் நடத்துறவங்க நம்மளை மினி பஸ்ல ஏத்தி இறக்குற மாதிரி ஏத்தி இறக்கிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருவாங்க. நின்னு நிதானமாச் சொல்லித்தர ஆள் இல்ல.

அப்படி ஒரு தடவை படகுல உக்காந்திருக்கேன், பக்கத்துல ஒரு ஆளு, "ஏப்பா, அங்கிட்டுத் தள்ளி உக்காரு, டேங்கு கால்ல விழுகுது"ன்னு சொன்னாரு. அந்த 'அங்கிட்டு'லயே ஊரு தெரிஞ்சு போச்சு. பஷீர் அண்ணே. டவுன்ஹால் ரோட்டுல செல்போன் சாமான் மொத்த வியாபாரம். எனக்கு நாலஞ்சு வயசு மூத்தவரு, ரொம்ப வருஷமா முங்குறவரு. அவரோட வந்திருந்த பொண்ணு தேவி. தூத்துக்குடிக்காரி, மதுரையில ஒரு பேங்குல வேலை. என்னை விட பத்து வயசு சின்னவ, ஆனா தண்ணிக்குள்ள அவதான் எனக்கு வாத்தியார். அவங்க ரெண்டு பேரும் என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. அன்னைக்கே எனக்கு ஒரு பேரும் வச்சுட்டாங்க, காத்துக்குடிச்சி. மத்தவங்களுக்கு ஒரு டேங்கு எம்புட்டு நேரம் வருமோ அதுல பாதிதான் எனக்கு வரும், புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுத்துத் தீர்த்துருவேன். "அக்காவுக்கு டேங்கு பத்தாது, லாரி வேணும்"பா தேவி.

மதுரையில இருந்துக்கிட்டு வாராவாரம் கடலுக்குப் போக முடியுமா? அதுக்கு இவங்க ஒரு இடம் பிடிச்சு வச்சிருந்தாங்க. கொட்டாம்பட்டிக்கு அங்கிட்டு, நாலுவழிச் சாலையில இருந்து உள்ள போனா ஒரு பழைய கிரானைட் குவாரி. கல்லு வெட்டி முடிச்சு கைவிட்டது, மழைத் தண்ணி நிறைஞ்சு கிணறு மாதிரிக் கிடக்கும். இடத்துக்காரர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவோம். சுத்தி நாலு பக்கமும் வெட்டுன பாறை, தண்ணி பச்சையா அசையாம நிக்கும். மேல ஒரு ஆள் ஒசரத்துக்கு வெதுவெதுன்னு இருக்கும், அதுக்குக் கீழ போனா ஐஸு. அடியில மாவு மாதிரி கல்லுத்தூள் படிஞ்சு கிடக்கும். காலை ஒரு உதை உதைச்சா போச்சு, கண்ணு முன்னாடி கையை நீட்டுனா கை தெரியாது.

அந்த மாதிரி கலங்கலுக்குத்தான் பழகணும், கப்பலுக்குள்ள போகணும்னா இது தெரியாமப் போனா சாவுதான்னு தேவி சொல்லிட்டா. அதுக்கு ஒரு பயிற்சி. தண்ணிக்கடியில ஒரு கயிறு கட்டிருப்பாங்க. அதோட கடைசி வரைக்கும் கண்ணைத் திறந்துக்கிட்டுப் போகணும். அங்க மாஸ்க் மேல கறுப்புத் துணியை இழுத்து விட்டுட்டு, குருடியாத் திரும்பி வரணும். விரலை வளையம் மாதிரி வளைச்சு கயித்தைச் சுத்தி வச்சுக்கணும், என்ன ஆனாலும் கயித்தை விடக்கூடாது. சொல்லித் தர்றவங்க பின்னாடி வந்து நம்ம புஜத்தைப் பிடிச்சுக்குவாங்க. முன்னாடி தள்ளுனா போகணும். அமுக்குனா நிக்கணும். பின்னாடி இழுத்தா திரும்பணும். தண்ணிக்குள்ள பேச முடியாதுல்ல, அந்தக் கை சொல்றதுதான் சட்டம், ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது.

இதுல தேவி ஒரு ரவுசு பண்ணுவா. பாதியில சொல்லாமக் கொள்ளாமக் கையை எடுத்துருவா. நாம அரண்டு போயி அவளைத் தேடுனா ஃபெயில். கண்டுக்காமக் கயித்தைப் பிடிச்சுப் போய்க்கிட்டே இருந்தா பாஸ். சில நேரம் பின்னாடி இருந்துக்கிட்டு டேங்கை டங்கு டங்குன்னு தட்டுவா, ஏதோ ஆபத்துங்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தா அதுவும் ஃபெயில்தான். முதல்ல நீச்சல் குளத்துல பழகுறப்ப நான் ரெண்டுலயும் ஃபெயிலாகி, அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. குவாரியில உன்னைப் பார்த்துக்கிறேன்டின்னு கறுவிக்கிட்டுத்தான் போனேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை. நல்ல உச்சி வெயில். ராத்திரி, இருட்டு, அமாவாசைன்னு நினைச்சுக்காதீங்க, ஒரு மண்ணும் கிடையாது. தண்ணி ஓரத்துப் பாறையில பஷீர் அண்ணே குடை பிடிச்சு உக்காந்துக்கிட்டாரு. மேல இருக்கிறவருக்கு ஒரே சோலிதான், குமிழியைப் பார்க்குறது. நாங்க மூச்சு விடவிட மேல குமிழி வந்துக்கிட்டே இருக்கும், அதை வச்சு யாரு எங்க போறாங்க, நல்லா இருக்காங்களான்னு அவருக்குத் தெரியும். டைவிங்ல முதல் பாடமே மூச்சை அடக்காதேங்கிறதுதான். அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும். இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும், குமிழி நிக்கவே கூடாது.

இறங்குனோம். தண்ணி மேல விட்டிருந்த மிதவையோட கயித்தைப் பிடிச்சுக் கீழ போயி, பாறையில படி மாதிரி வெட்டியிருக்கிற இடத்துல கட்டுன கயித்தோட கடைசி வரைக்கும் போனோம். அங்க துணியை இழுத்து விட்டேன். கும்மிருட்டு. தேவி கை என் வலது புஜத்துல வந்து உக்காந்துச்சு. முன்னாடி தள்ளுச்சு. கிளம்பிட்டேன்.

கொஞ்ச தூரம் நல்லாத்தான் போனோம். குளிரு எலும்புக்குள்ள இறங்குது, காதுக்குள்ள என் மூச்சுச் சத்தம் மட்டும் கொர்ரு கொர்ருன்னு கேக்குது. திடீர்னு கை போயிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். வாடி மவளே, இன்னைக்கு நான் பாஸுன்னு, திரும்பவே இல்ல, கயித்தைப் பிடிச்சு முன்னாடி போறேன். பின்னாடி டங்கு டங்குன்னு சத்தம். தட்டு தட்டு, நல்லாத் தட்டுன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் வெரசாப் போறேன். அது விட்டு விட்டு, வேகமா வருது. அப்புறம் மெதுவாச்சு. நான் கண்டுக்கவே இல்ல.

அப்பத்தான் கை திரும்பி வந்துச்சு.

அதே வலது புஜத்துல. ஆனா தேவி பிடிக்கிற மாதிரி இல்ல, அதை விட அழுத்தம். சரி, பரீட்சை முடிஞ்சுச்சு போல, பாஸுன்னு தட்டிக் குடுக்கப் போறான்னு நினைச்சேன். அது தள்ளல. பின்னாடி இழுத்துச்சு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு, மிதவைப் பக்கத்துல வந்துட்டேன், இன்னும் கொஞ்சம் போனா முடிஞ்சிருச்சு, இப்பப் போயி திரும்புங்கிறாளேன்னு. போகாம நின்னேன். திரும்ப ஒரு இழுப்பு. நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி, அந்த இழுப்புல கோபம் இருந்துச்சு. பிள்ளை ரோட்டுல இறங்குறப்ப நாம வெடுக்குன்னு பிடிச்சு இழுப்போம்ல, அந்த மாதிரி. சட்டம்னா சட்டம்தானே. திரும்பிட்டேன்.

திரும்பி வார வழியெல்லாம் ஒரு அமைதி, சொன்னா உங்களுக்குப் புரியுமான்னு தெரியல. குளிரல. பயம் இல்ல. அந்த டங்கு டங்கு மட்டும் மணி அடிச்ச மாதிரி தெளிவாக் கேக்குது, வேற ஒரு சத்தமும் இல்ல. கை என்னை விடவே இல்ல. ஒரு இடத்துல கயிறு பாறையில உரசிக்கிட்டுப் போகுது, அங்க என் தலை இடிக்கும், அதுக்கு முன்னாடியே அது என்னைக் கீழ அமுக்கி விட்டுச்சு. நல்லாத்தான் பார்த்துக்கிறான்னு நினைச்சேன், ஆமா, அந்த நிமிஷம் வரைக்கும் அது தேவின்னுதான் நினைச்சேன். டங்குங்கிற சத்தம் நின்னு போச்சு. அடுத்த நொடி, நீட்டியிருந்த என் இடது கையில என்னமோ தட்டுப்பட்டுச்சு. ஒரு காலு. உதறுது.

துணியைப் பிச்சு எறிஞ்சேன். கல்லுத்தூள் பூரா கலங்கி பால் மாதிரி இருக்கு, அதுக்குள்ள ஒரு டார்ச் வெளிச்சம். என் முன்னாடி தேவி. ஊருக்காரங்க ஜிலேபி மீனுக்குப் போட்டு அறுந்து விழுந்த நைலான் வலை, அவ டேங்கு, கழுத்து, தோளு எல்லாம் சுத்தி அப்படியே பாறையோட சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கு. ஒரு கை வலைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு கையில டார்ச்சை இறுக்கிப் பிடிச்சிருக்கா, அதை வச்சுத்தான் டேங்கைத் தட்டிருக்கா. கத்தி நழுவிக் கீழ விழுந்துருச்சு போல. கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும் போல முழிச்சுக்கிட்டு இருக்கா.

ரெண்டு கையும் எனக்கு முன்னாடி இருக்கு. நான் கண்ணாலப் பார்க்குறேன். ஆனா என் வலது புஜத்துல அந்தக் கை இன்னும் இருக்கு.

ஆத்தாடி. திரும்பிப் பார்க்கல. தைரியம் இல்லைன்னே வச்சுக்கங்க, நான் ஒளிக்கல. அது ஒரு தடவை என்னை முன்னாடி தள்ளுச்சு, அவ பக்கமா. 'போ'ங்கிற மாதிரி. தள்ளிட்டு விட்டுருச்சு.

அதுக்கப்புறம் யோசிக்க நேரம் எங்க இருக்கு? தேவி டேங்குல காத்து முடியப் போகுது. பயத்துல மூச்சு வாங்கி அம்புட்டையும் தீர்த்துட்டா, அவ காத்து மீட்டரு முள்ளு அடியில கிடக்கு. நம்ம டேங்குல ஆபத்துக்குன்னு இன்னொரு வாய்க்குழாய் இருக்கும், அதை எடுத்து அவ வாயில திணிச்சேன். என் கத்தியால வலையை அறுத்தேன். நைலான் அறுபட மாட்டேங்குது, அவ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு விடல. எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான், நானே காத்துக்குடிச்சி, இதுல ரெண்டு பேருக்கு ஒரு டேங்கு, மேல போயிச் சேருறதுக்குள்ள முடிஞ்சிரும், இவ அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன். வலை விட்டுச்சு. அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கயித்து வழியா வந்து, மிதவைக் கயித்துல நின்னு நின்னு பையப் பையத்தான் மேல வந்தோம். வெரசா வந்தா அதுவும் ஆபத்து.

பஷீர் அண்ணே டேங்கை மாட்டிக்கிட்டு இடுப்பளவுத் தண்ணியில நின்னாரு. எங்களைப் பார்த்ததும், "யா அல்லா"ன்னு ஒரு சத்தம். ரெண்டு பேரையும் பாறை மேல இழுத்துப் போட்டாரு. தேவி வாந்தி எடுத்தா, அப்புறம் அழுதா, அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்படிக்கா திரும்பி வந்தீய? நீங்க போயிட்டியன்னு நினைச்சேங்கா, திரும்ப மாட்டியன்னு நினைச்சேங்கா"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா.

"நீதானடி பின்னாடி வந்து கையைப் பிடிச்சு இழுத்தே?"

"நானா? நான் எப்படிக்கா வருவேன்? உங்க கையை விட்ட இடத்துலயே வலையில மாட்டிக்கிட்டேன், அசையக்கூட முடியலயே!"

நான் பஷீர் அண்ணனைப் பார்த்தேன். அவரு தலையில தண்ணி பட்டிருக்கான்னு பார்த்தேன். தலைமுடி காஞ்சுதான் இருந்துச்சு. அவரு என் மீட்டரைக் கையில வச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "தங்கச்சி, ரெண்டு பேரு குடிச்சிருக்கீங்க, அதுவும் நீ. இதுல எப்படி இம்புட்டு மிச்சம் இருக்கு?"ன்னாரு. மீட்டர் கெட்டிருக்கும்ணேன்னு சொன்னேன். மறுநாளே கொண்டு போயி சோதிச்சோம். கெடல.

வார வழியில மேலூர்ல காரை நிறுத்தி டீ குடிச்சோம். தேவி பின் சீட்டுல தூங்கிட்டா. அண்ணே டீயைக் கையில வச்சுக்கிட்டு குடிக்கவே இல்ல. என்னண்ணேன்னு கேட்டேன்.

"சொன்னா திட்டக்கூடாது. மேல ரெண்டு குமிழியும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். தேவி குமிழி ஒரே இடத்துல நின்னுருச்சு, உன்னுது மிதவைப் பக்கமா வந்துச்சு. சரி, பரீட்சை வைக்கிறா போலன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு குமிழி நின்னு போச்சு."

"தேவியோடது. காத்து முடியுற நேரம்ணே அது."

"இல்லம்மா. அவளுது கொதிக்கிற மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சு. உன்னுதுதான் நின்னுச்சு. மிதவைக்குப் பக்கத்துல வந்துட்டு, பட்டுனு நின்னுருச்சு. நான் டேங்கை மாட்டுறேன், வாரு மாட்டுறேன், கண்ணைத் தண்ணியில இருந்து எடுக்கவே இல்ல, ஒரு குமிழி வரல. அம்புட்டு நேரம் எந்த மனுசனும் இருக்க முடியாது. நீ போயிட்டேன்னு நினைச்சு, செத்தவங்களுக்குச் சொல்ற 'இன்னா லில்லாஹி' சொல்லிட்டேன் தங்கச்சி, மனசுக்குள்ள. இறங்க காலை வைக்கிறேன், அந்தக் கோடியில, தேவி இருந்த இடத்துல, ரெண்டு குமிழியாக் கிளம்புது."

டீ கிளாசை வச்சுட்டேன். திரும்பி வந்த வழியில குளிரல, பயமில்ல, அந்த டங்கு டங்கு அம்புட்டுத் தெளிவாக் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல? என் மூச்சுச் சத்தம் இல்லாததாலதான் கேட்டிருக்கு. டீக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு அப்பத்தான் அது உறைச்சுச்சு.

சரி, காரணம் இல்லாம ஒண்ணும் நடக்காது, நான் அப்படிப்பட்ட ஆளுன்னு சொன்னேன்ல. என் லேப்லயே என் ரத்தத்தை எடுத்து எல்லா டெஸ்டும் போட்டேன். நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன், படம் எடுத்தேன். எல்லாம் நார்மல். அப்புறம் ஒருநாள் கொட்டாம்பட்டிக்கே போயி, குவாரிக்குப் பக்கத்துல ஆடு மேய்க்கிறவங்க, பெட்டிக்கடை வச்சிருக்கிறவங்க எல்லார்கிட்டயும் கேட்டேன், அந்தக் குழியில யாராச்சும் விழுந்து செத்துருக்காங்களா, கல்லு வெட்டுறப்ப யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களான்னு. பெட்டிக்கடை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அப்படி ஒண்ணும் இங்க நடக்கலையே தாயி, ஏன், உங்க சொந்தக்காரக யாரும் காணாமப் போயிட்டாகளா?"ன்னு கேட்டுச்சு. செத்தவங்க யாராச்சும் இருந்திருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஒரு பேராவது கிடைச்சிருக்கும். ஒருத்தரும் இல்லாத இடத்துல என்னைப் பிடிச்சது யாரு?

வீட்டுல இதுவரைக்கும் சொல்லல. சொன்னா டேங்கைப் பழைய இரும்புக்கு ஆக்கர்கடையில போட்டுருவாரு எங்க வீட்டுக்காரரு. குவாரிப் பக்கம் அதுக்கப்புறம் போகல. ஆனா டைவிங்கை விடல, என்னாலயும் முடியல, தேவியாலயும் முடியல. கடலுக்கு மட்டும் போறோம். தேவி உசுரோட இருக்கா, போன தை மாசம் கல்யாணமும் ஆகிருச்சு, அதைப் பார்க்குறப்ப எது பிடிச்சா என்ன, நல்லதுதான் செஞ்சுச்சுன்னு மனசைத் தேத்திக்குவேன். ராத்திரி படுத்தா தூக்கமும் வருது. நான் ஒண்ணும் பித்துப் பிடிச்சு அலையல.

ஒரே ஒரு விஷயம்தான். முன்னெல்லாம் தண்ணிக்குள்ள தேவி என் முகத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் வருவா, பயப்படுறேனா, சிரிக்கிறேனான்னு. இப்பப் பார்க்குறது இல்ல. என் தலைக்கு மேலதான் பார்த்துக்கிட்டு வாரா, முழு நேரமும். போன மாசம் பாண்டிச்சேரியில முங்கிட்டுப் படகுல ஏறுனதும் எனக்குக் கோபம் வந்துருச்சு. "என்னடி அங்க மேல பார்த்துக்கிட்டே வார, மீனு கீழ கிடக்கு?"ன்னு கேட்டேன். அவ என் மீட்டரை எடுத்துப் பார்த்தா. அவ தோளுக்கு மேல எட்டிப் பார்த்தேன், அவ டேங்கை விட என்னுதுலதான் காத்து நிறைய மிச்சம் இருந்துச்சு. அதை என்கிட்டக் காட்டாமத் திருப்பி வச்சுட்டு, துண்டை என் தோள் மேல போர்த்தி விட்டா.

"உங்க குமிழி அப்பப்ப நின்னு போவுதுக்கா"ன்னா. "உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியல. நான் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருந்தேன்.